தயாரித்தவன் போன பின்

1977 மார்ச் மாதம். பிரான்சின் கிழக்கோரத்தில், ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் மியூலூஸ் நகரம். மாதக்கணக்கில் போராடிக்கொண்டிருந்த ஆலைத் தொழிலாளர்கள், தங்கள் முதலாளிகளுக்குச் சொந்தமான ஒரு பழைய நூற்பாலைக்குள் நுழைந்தார்கள். உள்ளே கதிரும் இல்லை, கம்பளியும் இல்லை. பாரிஸின் மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்தில் நிற்பவை போலவே வார்த்தெடுத்த விளக்குக் கம்பங்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. அவற்றின் அடியில் சரளைக்கல் பரப்பிய பாதைகள், பாதைகளின் ஓரத்தில் வரிசை வரிசையாகப் பழைய கார்கள். 400-க்கும் மேல். அவற்றில் 120-க்கும் அதிகமானவை ஒரே நிறுவனம் செய்தவை. அந்த நிறுவனத்தின் பெயர் புகாட்டி. அது தன் பழைய உருவில் கார் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது.

முதலாளிகள் ஹான்ஸ், ஃப்ரிட்ஸ் ஷ்லும்ஃப் என்ற சகோதரர்கள். கம்பளி நூற்பாலைகளில் பணம் சம்பாதித்தவர்கள். கார் பைத்தியம் முக்கியமாகத் தம்பி ஃப்ரிட்ஸுக்குத்தான். 1960-களின் தொடக்கத்தில் அவர் வாங்கத் தொடங்கிய வேகத்தை இன்று படித்தாலும் மூச்சு முட்டுகிறது. புகாட்டி வைத்திருப்பவர்களின் பதிவேடு ஒன்று அப்போது அச்சில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ளவர்களுக்கெல்லாம் "விற்கிறீர்களா?" என்று கடிதம் போட்டார். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜான் ஷேக்ஸ்பியர் என்பவர் (நாடகக்காரருக்கு உறவில்லை) சேர்த்து வைத்திருந்த 30 புகாட்டிகளை 1964-இல் மொத்தமாக வாங்கி, திறந்த ரயில் வேகன்களில் ஏற்றித் துறைமுகத்துக்கு அனுப்பச் செய்தார். புகாட்டி ஆலையிடமிருந்தே, அதன் நிறுவனர் தமக்கென்று வைத்திருந்த 'ரொயால்' காரையும் வாங்கிவிட்டார்.

ரொயாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எத்தோரே புகாட்டி மிலானில் பிறந்த இத்தாலியர். 1909-இல் அல்சேஸ் பகுதியின் மோல்ஷைம் என்ற சிற்றூரில் ஆலை தொடங்கினார். தளவாடக் கலைஞரின் மகன், சிற்பியின் அண்ணன். அவர் கார்களில் அந்தக் குடும்ப வாசனை இருக்கும். எஞ்சினின் வெளிப்புறத்தைக்கூடச் சதுரமாகச் செதுக்கிப் பளபளக்க வைப்பார். அரசர்களுக்கென்றே ரொயாலைத் திட்டமிட்டார். 12 லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சின், ரேடியேட்டர் மூடியில் காலமாகிவிட்ட தம்பி ரெம்பிராண்ட் வடித்த யானைச் சிலை. 25 கார்கள் செய்வதாகத் திட்டம். உலகப் பொருளாதாரம் சரிந்த நேரத்தில் அது சந்தைக்கு வந்தது. மூன்றே மூன்றுதான் விற்றன, ஓர் அரசர்கூட வாங்கவில்லை. அந்த எஞ்சின் வடிவத்தை ரயில் மோட்டார் பெட்டிகளில் பொருத்தித்தான் ஆலை தாக்குப்பிடித்தது. 1939-இல் மகன் ஜான் ஒரு காரைச் சோதித்து ஓட்டும்போது விபத்தில் இறந்தார். 1947-இல் தந்தையும் போனார். அதன்பின் ஆலை நொண்டி நொண்டி நடந்து, 1963-இல் வேறு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஷ்லும்ஃப் மும்முரமாக வாங்கிக்கொண்டிருந்த அதே காலம்.

அவர் ஏன் புகாட்டியை மட்டும் அப்படித் துரத்தினார்? அழகு, வேகம், தாயின் ஊர்ப்பக்கத்துக் கார் என்ற பாசம் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். சேகரிப்பாளர்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். உயிரோடிருக்கும் நிறுவனத்தின் கார்களைச் சேகரிப்பவனால் ஒருநாளும் முடித்துவிட முடியாது. அடுத்த ஆண்டு இன்னொரு மாடல் வரும். செத்த நிறுவனத்தின் கணக்கு மூடப்பட்டது. எத்தோரேயின் ஆலை மொத்தமாகச் செய்த கார்கள் 8,000-க்கும் குறைவு, அதற்கு மேல் ஒன்றுகூடப் பிறக்கப் போவதில்லை. மனத்தின் ஒரு மூலையில், எல்லாவற்றையும் பிடித்துவிடலாம் என்று தோன்றும். 1949-இல் அமெரிக்காவின் டக்கர் நிறுவனம் 51 கார்களோடு படுத்துவிட்டது. அந்த 51-இல் எது எங்கே இருக்கிறது, எது எரிந்தது, எது நசுங்கியது என்று எண் வாரியாகச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முடிந்துபோன கணக்கின் போதை அது.

மியூலூஸின் தொழிலாளர்களுக்கு இந்தப் போதை புரிந்திருக்க நியாயமில்லை. நெசவுத் தொழில் ஐரோப்பா முழுக்கச் சரிந்துகொண்டிருந்த 1970-களில், ஆலைகளுக்குப் புது இயந்திரம் வாங்க வேண்டிய பணம் எங்கே போனது என்பதை அவர்கள் அன்று கண்ணால் பார்த்தார்கள். ஷ்லும்ஃப் சகோதரர்கள் அதற்குள் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் பாசெல் நகருக்குப் போய்விட்டார்கள். ஆத்திரத்தில் தொழிலாளர்கள் ஓர் ஆஸ்டின் செவன் காரை வெளியே இழுத்து வந்து கொளுத்தினார்கள். அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். புகாட்டிகள் மேல் யாரும் கை வைக்கவில்லை. இரண்டு ஆண்டுக் காலம் அந்தக் கட்டடத்தைத் தங்கள் பொறுப்பில் வைத்திருந்து, ஊர் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். லட்சக்கணக்கானோர் வந்து பார்த்தார்கள். வேலை போனவர்கள், தங்கள் வேலையைத் தின்ற பொருள்களுக்கே காவல் இருந்தார்கள். கடன்காரர்களுக்காகக் கார்கள் துண்டு துண்டாக ஏலம் போய்விடக்கூடாது என்று 1978-இல் பிரெஞ்சு அரசு அந்தத் தொகுப்பைத் தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1982-இல் அது அதிகாரபூர்வமான அருங்காட்சியகமாகத் திறந்தது. ஃப்ரிட்ஸ் 1992-இல் பாசெலிலேயே இறந்தார்.

அவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஐரோப்பிய வாகனப் பாரம்பரியத்தைச் சிதறாமல் காத்தவர் என்று ஒரு சாரார். தொழிலாளர் வயிற்றில் அடித்துப் பொம்மை வாங்கியவர் என்று இன்னொரு சாரார். இரண்டும் உண்மைதான் என்று சமாதானம் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. ஒரு செத்த ஆலையின் பொருள்களைக் காப்பதற்காக, உயிரோடிருந்த தன் ஆலையைச் சாகவிட்டவர் அவர். தொகுப்பு இன்று பிழைத்திருப்பதற்கு அவருடைய காதல் பாதிக் காரணம். அன்று தீக்குச்சியை ஒரு காரோடு நிறுத்திக்கொண்ட கைகள் மீதிப் பாதி.

ஆலை மூடினால் காரோடு இன்னொன்றும் அநாதையாகிறது என்பதை அமெரிக்கர்கள் வேறு வழியில் தெரிந்துகொண்டார்கள். ஸ்டூட்பேக்கர் 1852-இல் குதிரை வண்டி செய்யத் தொடங்கிய குடும்ப நிறுவனம். இண்டியானா மாநிலத்தின் சௌத் பெண்ட் நகரில் இருந்த அதன் ஆலை 1963 டிசம்பரில் மூடியது. கனடாவின் ஹாமில்டனில் மிச்ச உற்பத்தி 1966 வரை நடந்தது. வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் குழு அந்த நிறுவனத்துக்காக வரைந்த 'அவாந்தி' காரைப் பற்றி இன்று சேகரிப்பாளர்கள் கண்ணில் நீர் வரப் பேசுவார்கள். அதே மூடலில், ஓய்வு வயதை எட்டாத சுமார் 4,000 தொழிலாளர்களுக்கு அவர்களுக்குச் சேர வேண்டிய ஓய்வூதியத்தில் டாலருக்கு 15 சென்ட்தான் கிடைத்தது. அந்த அநியாயம் பேசிப் பேசிப் பெரிதாகி, 1974-இல் அமெரிக்காவின் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று. ஸ்டூட்பேக்கர் விட்டுச்சென்ற சொத்துகளில் எது பெரியது என்று என்னைக் கேட்டால் அவாந்தியைச் சொல்ல மாட்டேன்.

இனி நம் ஊர்க் கதை. மதராஸிலேயே பிறந்து மதராஸிலேயே செத்த ஒரு கார் நிறுவனம் உண்டு. நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தின் காவெண்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் இந்தியக் கூட்டாளியும் சேர்ந்து 1948-இல் தொடங்கியது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. முதலில் வேன்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் 8, 10, பென்னண்ட், 1961-இலிருந்து ஹெரால்ட். கல்கத்தாவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மதராஸில் ஹெரால்ட் என்று நாட்டுக்கு மூன்றே கார்கள் இருந்த காலம். மூன்றில் இதுதான் சின்னது, செல்லமானது. ஜொவானி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உடம்பு, 948 சி.சி. எஞ்சின். பானெட்டும் இரண்டு மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர் சந்துகளுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல.

இங்கே ஒரு விசித்திரம் நடந்தது. தாய் நிறுவனம் 1963-இல் தன் சொந்த நாட்டில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரையே கைவிட்டு, எல்லாக் கார்களையும் டிரையம்ஃப் என்று விற்கத் தொடங்கியது. மதராஸில் அந்தப் பெயர் இன்னும் 25 ஆண்டுகள் ஓடியது. அதோடு நிற்கவில்லை. காவெண்ட்ரி ஒருபோதும் நான்கு கதவு ஹெரால்டைச் செய்ததில்லை. கூட்டுக் குடும்பமாகக் காரில் ஏறும் நம் வழக்கத்துக்கு இரண்டு கதவு சரிப்படாது என்று கண்டு, 1960-களின் பின்பாதியில் நான்கு கதவு வைத்தது மதராஸ் ஆலை. 1972-இல் வந்த கசெல், அந்த உடம்பையே திருத்தி, வளைவுகளில் பின்சக்கரத்தை உள்ளே மடக்கித் தொல்லை கொடுத்த பழைய ஆக்சிலை மாற்றி, நம் ரோட்டுக்கு ஏற்றபடி செய்த கார். உலகத்து டிரையம்ஃப் பிரியர்கள் ஹெரால்ட் வரிசையை முழுசாகச் சேர்க்க வேண்டுமானால் மதராஸ் காரில்லாமல் முடியாது.

கடைசி முயற்சி ஸ்டாண்டர்ட் 2000. ரோவர் எஸ்.டி.1 என்ற, ஆங்கிலேயப் போலீஸ்காரர்கள் நெடுஞ்சாலையில் பறந்த காரின் உடம்பை வாங்கிவந்து, அதற்குள் வேன்கார்ட் பரம்பரையின் 1,991 சி.சி. எஞ்சினை வைத்தார்கள். 1985-இல் வந்தது. உடம்பு 1976-ஐச் சேர்ந்தது, எஞ்சினின் மூதாதை 1940-களைச் சேர்ந்தவர். விலையோ அன்றைய நடுத்தர வர்க்கம் அண்ணாந்து பார்க்கும் விலை. அதற்குள் மாருதி வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. 1988-இல் உற்பத்தி நின்றது, நிறுவனத்தின் கார் வாழ்க்கையும் அதோடு முடிந்தது. இந்த வேடிக்கையையும் கேளுங்கள்: மதராஸ் ஆலையில் விற்காமல் கிடந்த எஸ்.டி.1 உதிரிப் பாகங்களைப் பல ஆண்டு கழித்து இங்கிலாந்தின் லிங்கன் நகரத்து ரிம்மர் பிரதர்ஸ் என்ற பாக வியாபாரிகள் வாங்கிக் கப்பலில் ஏற்றிப் போனார்கள். அங்கே ரோவர் வைத்திருப்பவனின் வண்டியில் இன்று மதராஸ் பாகம் ஓடிக்கொண்டிருக்கலாம். இங்கே ஹெரால்ட் வைத்திருப்பவன், அங்கிருந்து பாகம் வரவழைத்துக் காத்திருக்கிறான்.

தயாரித்தவன் போன பின் காருக்கு என்ன நேர்கிறது என்பதை விளக்க எனக்கு ட்ரன்னியனைவிட நல்ல உதாரணம் தெரியாது. ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது வெண்கலத்தில் செய்த ஒரு சின்னத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்பும். அந்தத் துண்டின் பெயர் ட்ரன்னியன். அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும் என்பது ஆலையின் கட்டளை. மற்ற கார்களில் பழகிய கை, நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் கன்னை வைக்கும். கிரீஸ் மரையின் அடிவரை போகாது. உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும், தண்டு மெல்லத் தேயும். ஒருநாள் திருப்பத்தில் ஒடிந்து, சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். "ஆயில்தான் சார் ஊத்தணும். கிரீஸ் வெச்சீங்க, கால் ஒடிஞ்சிரும்" என்று சொல்லத் தெரிந்த மெக்கானிக்குகள் சென்னையில் ஒரு காலத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்களுக்குக் கம்பெனி டீலரிடமிருந்து கையேடு வரும், பயிற்சி பெற்ற ஆள் பக்கத்துப் பட்டறையில் இருப்பான். ஆலை மூடியதும் கையேடு நின்றது. அந்த அறிவு ஆளோடு ஆளாகப் போய்க்கொண்டிருக்கிறது.

நிறுவனம் இருக்கிறவரை வண்டிக்குப் பொறுப்பு நிறுவனத்துடையது. போன பின் வைத்திருப்பவனே ஆலை, டீலர், ஸ்டோர் கீப்பர், சோதனைக்கூடம் எல்லாமும். ஜன்னல் ரப்பர் பீடிங் கிடைக்காவிட்டால் எதன் அச்சில் வார்க்கலாம் என்று தேட வேண்டும். தேய்ந்த பாகத்தை லேத்காரரிடம் கொண்டுபோய் "இதே மாதிரி" என்று சொன்னால், தேய்ந்த அளவிலேயே செய்து தருவார். ஆதி அளவு எந்த வரைபடத்தில் இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் பழைய பாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் ஏறி இறங்க வேண்டும். இங்கிலாந்தில் இந்தப் பாரத்தைச் சங்கங்கள் பகிர்ந்துகொள்கின்றன. டிரையம்ஃபின் சிறிய கார்களுக்கென்றே 1977-இல் தொடங்கிய சங்கம் ஒன்று இன்றும் இதழ் நடத்துகிறது. பாகங்களைத் திரும்பச் செய்து விற்பதை வியாபாரமாகவே நடத்துகிறார்கள். பெயரை யாரோ பணம் கொடுத்து வாங்குவதால் இந்த வேலை எதுவும் நடந்துவிடாது. 1998-இல் ஃபோக்ஸ்வாகன் புகாட்டியின் பெயரை வாங்கியது, மோல்ஷைமிலேயே புதுக் கார் செய்யவும் தொடங்கியது. நல்ல கார்தான். எத்தோரேயின் காருக்கும் அதற்கும் உறவு அந்தச் சிவப்பு முத்திரையோடு சரி. அம்பாசடர் 2014-இல் நின்றது. மூன்றாண்டு கழித்து அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சு நிறுவனம் வாங்கியது. அதனால் எந்த அம்பாசடருக்கு ஒரு போல்ட் கூடுதலாகக் கிடைத்தது?

நம் ஊர்ச் சேகரிப்பாளர்கள்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. கண்காட்சி நாளில் வரிசையாக நிற்பவற்றைப் பார்த்தால் பக்கார்ட், ப்யூக், அரண்மனை வாசலில் நின்ற ரோல்ஸ்ராய்ஸ் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கார்டைக் காப்பாற்ற அமெரிக்காவில் அருங்காட்சியகமே இருக்கிறது. கசெலைக் காப்பாற்ற இந்த ஊரைவிட்டால் வேறு ஊர் கிடையாது. மகாராஜா ஏறிய காருக்குக் கதை இருக்கும், தலைமையாசிரியர் தவணையில் வாங்கிய காருக்கு இருக்காது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மாடிப்படிக்கு அடியில் தார்ப்பாய் மூடிக் கிடந்த ஸ்டாண்டர்டுகள் வீடு இடிக்கும்போது காயலான் கடைக்கு எடைக்குப் போயின, இன்னும் போகின்றன.

சட்டமும் இந்த இடத்தில் பாதி வழிதான் வருகிறது. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத சொந்த வாகனங்களைப் பாரம்பரிய வாகனமாகப் பதியலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். அன்றாடம் ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டுபோகலாம். ஹெரால்டுகள் அத்தனையும் இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. கசெல்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. ஸ்டாண்டர்ட் 2000-இன் முதல் வண்டி 2035-இல்தான் தகுதி பெறும். அதுவரை அது காகிதத்தில் வெறும் பழைய வண்டி. எஃப்.சி.க்கும் ஆர்.சி. புதுப்பிப்புக்கும் அலைய வேண்டும். குறைவாகச் செய்யப்பட்ட இந்த மதராஸ் கார் பாரம்பரியம் ஆவதற்கு முன்பே தீர்ந்துபோகிற அபாயத்தில் இருக்கிறது.

இதைவிட அவசரமானது ஒன்று. காரைத் தார்ப்பாய் போட்டு இன்னும் பத்து வருடம் வைத்திருக்கலாம், ஆளை வைத்திருக்க முடியாது. 1970-இல் இருபது வயதில் அந்த ஆலையில் சேர்ந்தவருக்கு இன்று எழுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். கூடுதல் இரண்டு கதவுகளை ஹெரால்ட் உடம்பில் எப்படி வெட்டிப் பொருத்தினார்கள், கசெலின் பின் ஆக்சிலை மாற்ற என்னென்ன செய்து பார்த்தார்கள், 2000-க்குள் பழைய எஞ்சினை எப்படி உட்கார வைத்தார்கள், ஆலை மூடிய அன்று கணக்கு எப்படித் தீர்த்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும். மியூலூஸ் தொழிலாளர்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. நம்மவர்களைப் பற்றி ஒரு சிறு வெளியீடாவது வர வேண்டாமா? கோவையில் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் நல்ல கார் அருங்காட்சியகம் ஒன்று நடக்கிறது. சென்னையில் இந்த ஊர்க் காருக்கென்று தனி அருங்காட்சியகம் வராவிட்டாலும், ஒரு நூலகத்தின் அலமாரி போதும் தொடங்க.

வாசகர்களில் யார் வீட்டிலாவது ஹெரால்டோ கசெலோ 2000-ஓ இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். கார் இல்லாவிட்டாலும் பரணில் அதன் கையேடோ, பாகப் பட்டியலோ, பில் புத்தகமோ, ஆலை அடையாள அட்டையோ கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் அப்பாவோ மாமாவோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ ஸ்டாண்டர்ட் மோட்டாரில் வேலை பார்த்தவரானால், இந்த வாரமே ஒரு மாலை அவரோடு உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள்.